செங்குன்றத்துச் செவர்லேவுக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

“தாத்தா செங்குன்றத்தில் ரைஸ் மில் நடத்தியபோது ஓட்டிய செவர்லே பிக்கப், பதினெட்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. 1950 வாக்கில் வந்த வண்டி என்கிறார்கள். எப்போதோ பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருக்கிறார்கள். அதைப் புதுசாக்கிப் பழைய வண்டிகள் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. பெயின்டரிடம் பேசிவிட்டேன். என்ன நிறம் அடிக்கலாம்?” என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, பெயின்டரை ஒரு வருடம் கழித்து வரச் சொல்லுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பெயர் வைக்கிறீர்கள். நிறத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் 1951 மாடல் ஃபார்கோ பிக்கப் ஒன்றை ஆறு வருடம் எடுத்துக்கொண்டு ஓட வைத்தவன். இரண்டே வருடத்தில் முடிப்பேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். செலவும் போட்ட கணக்கைப் போல இரண்டரை மடங்கு ஆனது. வரிசை தெரியாமல் வேலை செய்ததுதான் அதற்குப் பாதிக் காரணம். ஆசையாகப் பெயின்ட் அடித்தேன், அப்புறம் கேபினுக்கு அடியில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தது, அடித்த பெயின்ட் தீய்ந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

முதலில் காகிதம். ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், படிவம் 31 என்று ஆர்டிஓ ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய சித்தப்பா, அத்தை எல்லோரும் இப்போது சும்மாதான் இருப்பார்கள். வண்டி பளபளத்த பிறகு போய்க் கேட்டால், “அது எங்கப்பா வண்டியாச்சே” என்று ஆளுக்கொரு பாசம் பிறந்துவிடும். ஆகவே துருப்பிடித்து நிற்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி ஏற்பாடு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டு வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். மாநிலக் குறியீட்டுக்குப் பக்கத்தில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய மெட்ராஸ் எண் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வண்டியின் பாதி அழகு அதில்தான். ஆனால் விண்டேஜ் பதிவில் இருக்கும் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.

பிக்கப்காரர்களுக்கு இதில் இரண்டு இடங்களில் இடிக்கும். மில் வண்டி என்பதால் உங்களுடையது சரக்கு வண்டியாகப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்; ‘வணிகமல்லாத’ என்ற சொல் அங்கே உதைக்கும். இன்ஜினும் மாறியிருக்கிறது. அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே ஆர்சி நகல், நான்கு பக்கப் படங்கள், எண் தகட்டின் படம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆர்டிஓவில் நேரில் பேசுங்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பில் சேர்ந்துவிட்டால் இதையெல்லாம் ஏற்கெனவே கடந்து வந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். புரோக்கர் சொல்வதை வைத்து ஸ்பானரை எடுக்காதீர்கள்.

அடுத்தது, இது உண்மையிலேயே எந்த வருட வண்டி? குடும்பத்தில் சொல்லும் வருடத்தை நான் நம்புவதில்லை. செவர்லே இந்த உருவத்தில் 1947 முதல் 1955 தொடக்கம் வரை பிக்கப் செய்தது. வருடா வருடம் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அது நமக்கு வசதி. கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாகத் திறக்கும் சின்னக் கண்ணாடி இருந்தால் 1951 அல்லது அதற்குப் பிந்தையது. கைப்பிடியைக் கீழே அழுத்தித் திருகிக் கதவைத் திறந்தால் 1951 வரைக்கும் உள்ளது. கட்டைவிரலால் பட்டனை அழுத்தித் திறந்தால் அதற்கு அப்புறம் வந்தது. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருக்கிறதா, வளைந்த ஒரே கண்ணாடியா? ஒரே கண்ணாடி என்றால் 1954இலிருந்து. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருந்தால் 1949இலிருந்து. ஒரு டார்ச்சோடு போனால் பத்து நிமிட வேலை. ஆனால் எழுபது வருடத்தில் எந்த மெக்கானிக் எந்த வண்டியின் கதவை எடுத்து இதில் மாட்டினார் என்று யார் கண்டது? நான்கு அடையாளமும் ஒத்துப்போனால் மட்டும் முடிவுக்கு வாருங்கள்.

கேபினையும் தட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல வண்டிகள் வெறும் சேஸிஸாகவே விற்கப்பட்டு, பாடியை இங்கே உள்ள பட்டறைகள் மரச்சட்டம் வைத்துத் தகடு போர்த்திக் கட்டின. செவர்லேவின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாய் சிவ்ரியில், உதிரிகளைப் பூட்டி வண்டியாக்கும் ஆலை வைத்தது. உதிரிகளை முழுக்க இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததும் 1954இல் மூடிவிட்டுக் கிளம்பியது. உங்கள் வண்டி அந்த வழியாக வந்ததாகத்தான் இருக்கும். கேபினில் மரச்சட்டம் தெரிந்தால் வருத்தப்படாதீர்கள். அது உள்ளூர்க் கைவேலை, என்னைக் கேட்டால் அமெரிக்கத் தகட்டைவிட அபூர்வம்.

சரி, இன்ஜின். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே தலைவலியான விஷயம் இதுதான், நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் அமெரிக்க இன்ஜின் வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். நம் ஊரிலேயே செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்துகொண்டிருந்தது. லாரி, பஸ், பிக்கப் என்று கிடைத்ததிலெல்லாம் அதை இறக்கினார்கள். அப்புறம் மட்டடோர் வேனின் டீசல் இன்ஜின் வந்தது. உங்கள் தாத்தாவும் அதைத்தான் செய்திருப்பார். வண்டி இத்தனை வருடம் இரும்புக்கடைக்குப் போகாமல் பிழைத்ததே அந்த டீசலால்தான்.

கண்காட்சி நடுவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அசல் இன்ஜின் என்பது 216 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 90 குதிரைத்திறன் சுமார். மில்லில், கொல்லையில், கிணற்றடியில் தேடுங்கள். கழற்றிய இன்ஜினைப் பம்புக்கு மாட்டியவர்கள் உண்டு. கிடைத்தாலும் சுலபமில்லை. அதில் இப்போதைய வண்டிகளைப் போலக் கழற்றி மாற்றும் ஷெல் பேரிங் கிடையாது. கனெக்டிங் ராடிலேயே ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். கார் லேத் பட்டறைகளில் இதைச் செய்கிற ஆள் இன்று அரிது. கப்பல், பெரிய பம்பு இவற்றின் பேரிங்குக்கு மெட்டல் ஊற்றுகிற பட்டறையில் கேளுங்கள், வடசென்னைப் பக்கம் விசாரித்தால் பிடிபடும். ராடின் அடியில் கரண்டி மூக்குபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றும்போது தொட்டியிலிருந்து ஆயிலை அள்ளித் தெளித்துக்கொள்ளும். அதனால் ஆயில் கேஜ் 14 பவுண்டு காட்டினாலே இந்த இன்ஜினுக்கு ஆரோக்கியம். புது மெக்கானிக் பார்த்தால் “ஆயில் பிரஷரே இல்லையே சார்” என்று பிரித்துப்போட்டுவிடுவார், ஜாக்கிரதை.

என் அபிப்பிராயம்: பரிசுதான் குறி, விண்டேஜ் பதிவும் வேண்டும் என்றால் அசல் இன்ஜினைத் தேடுங்கள். தாத்தா ஓட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் டீசலைத் தொடாதீர்கள், அது வண்டியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். இரண்டுக்கும் நடுவில் ஜப்பான் இன்ஜின் போட்டு, பவர் ஸ்டீயரிங் வைத்து, ஏசி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காசு, அவர்கள் ஆசை. எனக்கு அதில் ருசி இல்லை.

எந்த இன்ஜினாக இருந்தாலும் பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துவிடாதீர்கள். பதினெட்டு வருடம் நின்ற ரிங்கு சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பெட்ரோல் இன்ஜினானால் பிளக்கைக் கழற்றுங்கள், டீசலானால் இன்ஜெக்டரை. கொஞ்சம் மெல்லிய ஆயிலும் டீசலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையவில்லையா, இன்னொரு வாரம். நெம்புகோல் வைத்து நெம்பி கிராங்கை வளைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது துரு. செங்குன்றம் கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் நெல் உமி இருக்கிறதே, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்து தின்னும். கேபினின் பின்மூலைகள், கதவின் கீழ் ஓரம், கால் வைக்கிற பலகையின் அடி, கேபின் சேஸிஸில் உட்காருகிற இடம் எல்லாவற்றிலும் உமி அடைத்திருக்கும். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அடியில் தகடு இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சுதான். என் ஃபார்கோவின் ஒரு மூலையில் பட்டியை உளியால் பெயர்த்தபோது உள்ளே மடித்து வைத்த சாக்கும் சிமெண்டும் வந்தது. யாரோ ஒரு டிங்கர் அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சேண்ட் பிளாஸ்டிங் சேஸிஸுக்கு மட்டும் போதும். பானெட், கதவு மாதிரி அகலமான தகடுகளில் மணலை அடித்தால் அப்பளம்போல் நெளியும், அப்புறம் எந்த டிங்கராலும் நிமிர்த்த முடியாது. அங்கே பெயின்ட் ரிமூவரும் பொறுமையும்தான். வெள்ளையாகச் சுத்தம் செய்த தகட்டுக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்தாக வேண்டும். சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். மாதமும் முக்கியம். ஆடியில் காற்று மண்ணைக் கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் ஈரத்தைக் குடித்து வெளுக்கும். தை, மாசிதான் நல்ல நாள். முகூர்த்தம் பார்க்கிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான், இந்த விஷயத்தில் மட்டும் காலண்டரைப் பார்க்கிறேன்.

உதிரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த செவர்லேவுக்கு அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லா உதிரியும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கேட்லாக்கைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அங்கே ஸ்டீயரிங் இடதுபக்கம். டேஷ்போர்டு, ஸ்டீயரிங் பாக்ஸ், பெடல் சம்பந்தப்பட்ட சாமான்கள் நம் வண்டியில் உட்காராது. அதற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் தேட வேண்டும், அங்கும் வலதுபக்க வண்டிகள்தான். ரப்பர் பீடிங், விளக்கு, பூட்டு, முன்கிரில் இவற்றுக்கு அமெரிக்கா போதும். கஸ்டம்ஸ் வரியை விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பாக்கிக்குச் சென்னையின் உதிரிக் கடைத்தெருக்களான ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். ஜி.பி. ரோட்டில் ஆயில் சீல், பேரிங், பிரேக் கப் எல்லாம் அளவு சொன்னால் எடுத்துத் தருவார்கள், வண்டிப் பெயரே வேண்டாம். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். புதுப்பேட்டையில் பொறுமை வேண்டும். எனக்கு வேண்டிய ஒரு ஹெட்லைட் ரிம்மை நாலாவது தடவை போனபோது, ஒரு கடையின் மூலையில் டீ கிளாஸ் வைக்கும் தட்டாகக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் அது ரிம் என்று நான் சொல்லும்வரை சும்மா தருவதாக இருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். டயர் கவலை உங்களுக்கு இல்லை. இந்த வண்டிக்கு 6.00-16 அளவு, நம் ஊர் ஜீப் டயர்தான். டிராக்டர் முன் டயரும் அதே அளவில் வரும், விலை குறைவு என்று அதை மாட்டிவிடாதீர்கள். பிரேக்கில் சிக்கனம் வேண்டாம், சிலிண்டர், பைப், ஹோஸ் எல்லாம் புதிது. அவ்வளவுதான் அதில் சொல்ல.

ஒயரிங். உங்கள் வண்டி பிறக்கும்போது 6 வோல்ட். டீசல் போட்டபோது 12 ஆக்கியிருப்பார்கள். மறுபடி 6க்குப் போனால் ஒயரின் தடிமன் கூட வேண்டும். அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டுமே. கடையில் கிடைக்கிற சாதாரண ஒயரை இழுத்துவிட்டு “6 வோல்ட்டுன்னாலே மங்கல்தான்” என்று சொல்வது வழக்கம். தப்பு ஒயர்மேல். பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்பதையும் பாருங்கள். செவர்லேவில் நெகட்டிவ். என் ஃபார்கோவில் பாசிட்டிவ். பெயர் ஃபார்கோ என்றாலும் உள்ளே அது டாட்ஜ். பிரீமியர் கம்பெனி குர்லாவில் பூட்டிய ஒரே டிரக்கை டாட்ஜ், டி சோட்டோ, ஃபார்கோ என்று மூன்று பெயரில் விற்றார்கள். இது தெரியாமல் வழக்கம்போல நெகட்டிவை எர்த் செய்தேன். அம்மீட்டர் முள் தலைகீழாக ஓடியது, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள கட்அவுட் ஸ்விட்ச் கரிந்து புகைந்தது. மெக்கானிக்கைத் திட்டலாம் என்றால் செய்தது நானே.

பெட்ரோலுக்குத் திரும்பினால் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் அதில் ஊறி இளகும், எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். வெயில் நாளில் சிக்னலில் நின்றால் பெட்ரோல் பைப்பிலேயே கொதித்து ஆவியாகி வண்டி நின்றுவிடும். பழைய அம்பாசிடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்களே, அதே வைத்தியம்தான். சைலென்சர் பக்கம் போகும் பைப்புக்கு உறை போட்டாலும் குறையும். வைப்பர் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் ஓடுவது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் படுத்துவிடும். மழையில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது கண்ணாடி தானாகத் துடைபடும் என்று நம்ப வேண்டாம்.

பின்தொட்டியின் மரத் தரையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேக்கு போட்டு, பாலிஷ் ஏற்றி, கல்யாண மண்டப மேடை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். பலகைகளுக்கு நடுவில் இரும்புப் பட்டை ஓடுவதே மூட்டையைச் சறுக்கி இழுக்கத்தான். பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல பலகை வாங்கி, எண்ணெய் மட்டும் காட்டி விடுங்கள். பழைய பலகை ஒன்றிரண்டு தேறினால் அதையும் சேர்த்தே போடுங்கள். முப்பது வருடம் மூட்டை இழுத்த தடத்தை எந்தத் தச்சராலும் செய்ய முடியாது. இது பல்லக்கு இல்லையே, மூட்டை சுமந்த வண்டிதானே. நான் கண்காட்சிக்குப் போகும்போது தொட்டியில் இரண்டு சணல் சாக்கு, ஒரு பழைய தராசு, அவ்வளவுதான் வைப்பேன். பக்கத்தில் பெரிய பெரிய கார்கள் நிற்கும், ஜனங்கள் இங்கேதான் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். போன தடவை ஒரு பெரியவர் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்து, ஹாரனை அடிக்கச் சொன்னார். அடித்தேன். “இது அம்பாசிடர் ஹாரனாச்சே” என்றார். நடுவர்கள் யாரும் கண்டுபிடிக்காதது.

கடைசியாக நிறம். சீட்டைக் கழற்றுங்கள். அதன் அடியில், இல்லை என்றால் கதவுக் கீல் மூடியிருந்த இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மெதுவாக. ஒவ்வொரு பெயின்ட்டும் மரத்தின் வளையம்போல வட்டமாகத் தெரியும். அடியில் பச்சை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த வருடங்களில் வேறு நிறம் கேட்காமல் வாங்கினால் செவர்லே டிரக் ஃபாரஸ்ட் கிரீன் என்ற கரும்பச்சையில்தான் வரும். கதவின் வெளிப்பக்கத்தை மட்டும் அவசரப்பட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அங்கே மில்லின் பெயரை யாராவது பெயின்டர் கையால் எழுதியிருப்பார். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் பெயின்ட்டுக்கு அடியில் எழுத்தின் மேடு தெரியும். தெரிந்தால் முதலில் அதன்மேல் டிரேசிங் தாளை ஒட்டி அப்படியே நகல் எடுங்கள். உங்கள் பெயின்டரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, இந்த எழுத்தை பிரஷ்ஷால் எழுதத் தெரியுமா என்று கேளுங்கள். ஸ்டிக்கர் வெட்டித் தருகிறேன் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.